நீச்சற் போட்டியும் மனப்பயிற்சியும்

நீரில் மிதக்கக் கற்றல் ஒன்று; நீந்தக் கற்றல் மற்றொன்று; பிறரோடு போட்டியிட்டு நீந்தக் கற்றல் இவ்விரண்டின் வேறாயது. முன்னைய இரண்டும் பெரும்பாலும் உடலின்பாற் பட்டன. மூன்றாவதோ உடலோடு உள்ளத்தையும் பழக்குதலை வேண்டி நிற்பது. அரசலாறு கடலொடு கலக்கும் காரைக்காலில் வாழும் நமக்கு முதலிரண்டும் புதியன அல்ல. ஆற்றிலும் குளத்திலும் நீந்தி விளையாடியோர் நம் முன்னோருட் பலர். மூன்றாவதனைக் குறித்து நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கடற்கரையில் வாழ்வோர் நீருக்கு அஞ்சார் எனப் பிறர் கருதுவர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையில் எத்துணையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதனைக் கண்ட பெற்றோர் தம் மக்களை நீரில் இறங்கவிடத் தயங்குவாராயின், அத்தயக்கத்தை இழித்துரைத்தல் தகாது. அச்சம் ஓட்டிவிடத்தக்க பகையன்று. பழக்கி ஆளத்தக்க பணியாள் எனல் பொருந்தும். போட்டியில் நீந்துவோனுக்கு வேண்டும் மனநிலையின் முதற்படி இதுவே.

அச்சம் நீந்துவோனை எங்ஙனம் தாக்குகின்றது? நீர் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியுடையது. உள்ளம் கலங்கியவழி மூச்சுக் குறுகும், தசைகள் இறுகும், தலை மேலெழும், தலை எழவே கால்கள் தாழும். கிடையாக இருத்தற்குரிய உடல் சாய்வுற, நீரின் தடை மிகும். தடை மிகவே உழைப்பும், உழைப்பு மிகவே இளைப்பும் மிகும். நிலத்தில் ஓடுவோன் சிறிது கலங்கினும் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நீரிலோ மூச்சுக்கும் முறையுண்டு. ஆகவே, முகத்தை நீருள் அமிழ்த்தி, மூச்சினை மெல்ல முழுதும் விடப் பழகுதல் உடற்பயிற்சி மட்டும் அன்று, மனப்பயிற்சியுமாம்.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசர்க்கு உரைத்த அம்மூன்றும் நீச்சல் வீரர்க்கும் பொருந்துமாறு காண்பாம்.

முதலாவது வலியறிதல். நீரில் வேகம் இரட்டித்தால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகின்றது. 200 மீட்டர் போட்டி 50 மீட்டர்க் குளத்தில் நான்கு முறை நீந்தி முடிப்பதாகும். அடுத்த தடத்தில் ஒருவன் விரைதலைக் கண்டு மனம் பொறாது முதல் 50 மீட்டரிலேயே தன் வலிமை முழுவதையும் செலவிடுவோன், நான்காவது முறையில் கைகள் கனத்துப் பின்தங்குவான். அயலானின் வேகம் நம் ஆட்சிக்கு உட்பட்டதன்று. நம் கைவீச்சும் மூச்சும் திரும்பும் முறையுமே உட்பட்டன. ஆதலின் அறிவுடையோன், 'அவனை வெல்வேன்' என்பதனினும், 'சென்ற திங்கள் நான் நீந்திய நேரத்தைக் குறைப்பேன்' என்பதனையே குறிக்கோளாகக் கொள்வான்.

இரண்டாவது காலமறிதல். இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. கேரளத்திற் பிறந்து, நமக்கு வடக்கேயுள்ள நெய்வேலியில் வளர்ந்தவர் சாஜன் பிரகாஷ். அவர்தம் தாயார் சாந்திமோளும் ஓட்டப் பந்தய வீராங்கனையே. 2016இல் ரியோ ஒலிம்பிக் போட்டியிற் கலந்துகொண்ட சாஜன், பின்னர்க் கழுத்தில் உற்ற காயத்தால் வருந்தினார். 2020இல் நோய்த்தொற்றுப் பரவியபோது தாய்லாந்தில் தங்க நேர்ந்து, பல திங்கள் நீரில் இறங்கவும் இயலாதிருந்தார். மீண்டும் பயிற்சியைத் தொடங்கி, 2021 ஜூனில் பெல்கிரேடு நகரில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.96 விநாடியில் முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு நேரே தகுதி பெற வேண்டிய நேரமோ 1 நிமிடம் 56.48 விநாடி. குறை அரை விநாடிக்கும் சிறிதே. அதே திங்களில் உரோமாபுரியில் மீண்டும் நீந்தி, 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். ஒலிம்பிக்கின் உயர் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவரேயாவர். எஞ்சி நின்றது ஒரு விநாடியிற் பத்தில் ஒரு பங்கே. கண்ணிமைக்கும் நேரத்தினும் குறுகிய அப்பொழுதிற்காக அவர் காத்த பொறுமையோ ஆண்டுக்கணக்கினது. டோக்கியோவில் அவர் அரையிறுதிக்குத் தேறவில்லை. அதனால் உரோமாபுரியில் ஈட்டியது சிறுமையுறாது.

காலமறிதலின் மற்றொரு கூறு, போட்டியை முன்னரே மனத்துள் நீந்திப் பார்த்தலாம். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதே 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் போட்டியில் அமெரிக்கராகிய மைக்கேல் பெல்ப்சின் நீச்சற் கண்ணாடிக்குள் நீர் புகுந்தது. சுவரும் அவர்க்குப் புலப்படவில்லை. அவர் கலங்காது கைவீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்தி, 1 நிமிடம் 52.03 விநாடியில் உலக சாதனையோடு பொற்பதக்கம் பெற்றார். இடையூறுகளையும் மனத்தால் முன்னரே நினைந்து பழகியமை அவர்க்குத் துணையாயிற்று. நல்லன மட்டும் நினைத்தல் மனப்பயிற்சியாகாது. தீயன வரின் என் செய்வேன் என்று எண்ணி வைத்தலும் வேண்டும்.

மூன்றாவது இடனறிதல். குளத்தில் அடியிற் கோடுண்டு, பற்றச் சுவருண்டு, காப்போர் அருகிருப்பர். கடலிலோ நீரோட்டமும் அலையும் குளிரும் உண்டு. 1954இல் யாழ்ப்பாணத்தின் வடகரையிலிருந்து நவரத்தினசாமி என்பார் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, நமக்குத் தெற்கேயுள்ள கோடியக்கரையை அடைந்தார். 1971இல் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆனந்தன் அந்நீரிணையைப் போக்கும் வரவுமாக 51 மணி நேரத்தில் நீந்தி, 'ஆழிக்குமரன்' எனப் போற்றப்பெற்றார். அத்தகைய பெருவீரரே 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் துறந்தார். அவரைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. துணிவிற் சிறந்தார்க்கும் நீர் விலக்களிப்பதில்லை என்பதே ஈண்டு நாம் உணரத்தக்கது. 'இன்று போதும்' என்று கரையேறுதல் தோல்வியன்று. அதுவும் பயிற்சியின் ஒரு பகுதியே. ஆற்றுமுகத்தில் பந்தயங்கட்டித் தனியே பாய்வது வீரமன்று, இடமறியாமையே.

இனி, தொடங்க விரும்பும் மாணவர்க்குச் சில கூறுவாம். தகுந்த ஆசிரியரின்றியும் துணையின்றியும் நீரில் இறங்கற்க. நாள்தோறும் நீந்திய நேரத்தைக் குறித்து வைக்க. போட்டிக்கு முன்னிரவில் கண்மூடித் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை மனத்தால் நீந்துக. மேடைமேல் நிற்கும்போது நெஞ்சு படபடத்தல் யாவர்க்கும் உரியது. அதனை உடல் ஆயத்தமாதலின் அறிகுறியென்று கொண்டு, மூச்சினை நீளமாக விடுக. தோற்றவழி வென்றானை மனமாரப் பாராட்டி, எந்த 50 மீட்டரில் நேரம் இழந்தோம் என ஆராய்க.

நம் ஊரைச் சூழ்ந்து நீர் உளது. அதனை வெறுத்து ஒதுங்கி வாழவும் இயலாது. அதனோடு செருக்கி விளையாடவும் ஆகாது. அச்சத்தை அறிவாக்கி, ஆர்வத்தை ஒழுங்காக்கி நீரில் இறங்குவோன், போட்டியில் முதல்வனாயினும் ஆகாதொழியினும், தன் உயிரையும் வேண்டுமிடத்துப் பிறர் உயிரையும் காக்க வல்லவனாவான். அதனினும் பெரிய பரிசு இக்கரையில் வாழும் நமக்கு வேறில்லை.