ஆங்கிலம் பேச ஏஐ கை கொடுக்குமா?

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மதுரைக் கல்லூரிகளுக்கு வரும் மாணவர்களில் பலருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், எழுதவும் வரும். பேச்சென்றால் நா எழாது. பேசிப் பார்க்க நேரம் கிடைக்காததே முக்கியக் காரணம். 50 பேர் இருக்கும் வகுப்பில் 50 நிமிடப் பாடவேளையை முழுக்கப் பங்கு வைத்தாலும் தலைக்கு ஒரு நிமிடம்தான். தமிழக அரசு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் மேம்பாட்டுத் திட்டத்திலும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி இடம்பெற்றது. வகுப்பின் இந்த நேரப் பஞ்சத்தைச் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) செயலிகள் பெருமளவு போக்க முடியும்.

எப்படி இயங்குகிறது?

நம் பேச்சை ஒரு மென்பொருள் எழுத்தாக்கும். ‘மொழி மாதிரி’ எனப்படும் ஏஐ அதற்குப் பதில் அமைக்கும். இன்னொரு மென்பொருள் அந்தப் பதிலைக் குரலாக்கும். சில புதிய மாதிரிகள் ஒலியை நேரடியாகவே கேட்டுப் பதில் சொல்கின்றன. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் சாட்ஜிபிடி செயலியில் குரல் உரையாடல் 2023 செப்டம்பரில் வந்தது.

எப்படிக் கேட்பது?

‘ஆங்கிலம் கற்றுக்கொடு’ என்றால் பொதுப்பாடம்தான் வரும். ‘வடபழஞ்சி ஐ.டி. பூங்காவில் எனக்கு நேர்முகத் தேர்வு. நீதான் ஹெச்.ஆர். ஒவ்வொரு கேள்வியாகக் கேள். என் பதில் முடிந்ததும் இரண்டு பிழைகளை மட்டும் தமிழில் விளக்கு’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்றால், ‘ஐ ஹேவ்’ போதும் என்று திருத்தி, காரணமும் சொல்லும். எத்தனை முறை தவறினாலும் சிரிக்க ஆளில்லை. கூச்சம் தெளிய அது பெரிய உதவி.

எங்கே கவனம் தேவை?

உச்சரிப்பில். ஓப்பன்ஏஐ 2022-ல் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் ‘விஸ்பர்’ மென்பொருள் 6,80,000 மணி நேர ஒலிப்பதிவுகளில் பழகியது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். இப்படிப் பழகிய மென்பொருள், நாம் ‘ப’கரத்தை அழுத்தி ஒலிக்க வேண்டிய இடத்தில் மெலிதாக ஒலித்தாலும், முன்பின் சொற்களை வைத்துச் சரியாக ஊகித்துவிடும். அதற்குப் புரிந்துவிட்டது என்பதற்காக நம் உச்சரிப்பு சரியென்று நம்பிவிடக் கூடாது. குரலைப் பதிவுசெய்து ஆசிரியரிடம் போட்டுக் காட்டுவது நல்லது. இன்னொன்று: ஆதார் எண், வங்கி விவரங்களை உரையாடலில் சொல்லவே வேண்டாம்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது

தனிப் பயிற்சியைச் செயலியிடம் விட்டுவிட்டு, பாடவேளையை மாணவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்கு ஒதுக்க வேண்டும். எதிராளி இடைமறிப்பதும் மறுத்துப் பேசுவதும் மனிதர்களோடு பழகினால்தான் கைவரும். வீட்டில் ஒரே போனை நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காக மொழி ஆய்வகங்களை மாலையிலும் திறந்து வைக்க வேண்டும். போன் இல்லை என்பதற்காக யாரும் இந்த வாய்ப்பை இழக்கக் கூடாது.