ரிசல்ட்டை முன்னாலேயே பார்த்தால் தப்பா?

2025-இல் பிளஸ் டூ தேர்வு முடிவு மே 9 அன்று வரும் என்று அறிவித்திருந்தார்கள். ஒரு நாள் முன்னதாக, மே 8 காலையிலேயே வந்துவிட்டது. திருப்பூர் மாவட்டம் மூலனூரில் இருந்த பிள்ளைக்கும் சென்னையில் இருந்த பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் தெரிந்ததால் அதில் யாருக்கும் நட்டமில்லை. ஒரு சிலருக்கு மட்டும் முதல் நாளே தெரிந்திருந்தால் கதை வேறு. அப்படிப் பார்த்தவர்களை என்ன செய்வது என்று பெரிய பெரிய பல்கலைக்கழகங்களே மண்டையை உடைத்துக்கொண்ட சம்பவம் ஒன்று 2005 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்தது.

ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, டார்ட்மவுத் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் எம்பிஏ விண்ணப்பங்களை ‘அப்ளை யுவர்செல்ஃப்’ என்ற ஒரே நிறுவனம்தான் இணையம் வழியாகப் பெற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தது. விண்ணப்பித்தவர் தன் கணக்குக்குள் நுழைந்து, மேலே இருக்கும் இணைய முகவரியில் தன் அடையாள எண்ணைச் சேர்த்துக் கொஞ்சம் மாற்றிப் போட்டால், இன்னும் அனுப்பப்படாத முடிவுக் கடிதத்துக்கான பக்கம் திறந்தது. மார்ச் 2 அன்று யாரோ ஒருவர் பெயரை மறைத்துக்கொண்டு இந்த வழியை வெளியே சொல்லிவிட்டார். ஓட்டையை அடைப்பதற்குள், சில மணி நேரத்தில், நூற்றுக்கும் மேற்பட்டோர் முயன்று பார்த்துவிட்டார்கள். ஹார்வர்டு முடிவு சொல்ல வேண்டிய நாள் மார்ச் 30. பார்த்தவர்களில் பலருக்கு வெள்ளைப் பக்கம்தான் வந்தது. சிலருக்கு ‘இடமில்லை’ என்ற கடிதம்.

ஹார்வர்டு வணிகப் பள்ளி, தன்னிடம் விண்ணப்பித்து இப்படிப் பார்த்த 119 பேரையும் ஒட்டுமொத்தமாக நிராகரித்தது. எந்தச் சமாதானமும் ஏற்க முடியாத நம்பிக்கை மீறல் என்பது அதன் டீன் கிம் கிளார்க்கின் நிலை. எம்ஐடி 32 பேரைக் கழித்துக்கட்டியது. கார்னகி மெலனும் அதே வழியில் போனது. ஸ்டான்ஃபோர்டு, தன்னிடம் விண்ணப்பித்து இப்படிப் பார்த்த 41 பேரிடம் விளக்கம் கேட்டது. டார்ட்மவுத்தின் டக் வணிகப் பள்ளி மட்டும், இதற்காகவே யாரையும் தானாக நிராகரிக்க மாட்டோம், ஒவ்வொருவர் விஷயத்தையும் தனித்தனியாகப் பார்ப்போம் என்றது.

டக் செய்ததுதான் சரி என்பது என் கட்சி. பார்த்தவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. கல்லூரிக்குத் தெரிந்தது எந்தக் கணக்கு உள்ளே வந்தது என்பது மட்டுமே. விசைப்பலகையில் யார் கை இருந்தது என்பது தெரியாது. மூலனூர் போன்ற ஊரில் இருப்பவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டில், அம்மா முருங்கைத் தோட்டத்தில் என்றால், விண்ணப்பம் போடுவது பிரவுசிங் சென்டர் அண்ணன்தான். பாஸ்வேர்டும் அவர் நோட்டில்தான் இருக்கும். ஆர்வக் கோளாறில் அவர் எதையாவது தட்டிப் பார்த்தால் சீட்டை இழப்பது யார்?

சரி, மாணவரே பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எதைப் பார்த்தார் என்ற கேள்வி இருக்கிறது. மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்திக்கு நடக்கும் மறைமுக ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற வியாபாரிகள் எழுதிய விலையை ஏலம் முடியும் முன் ஒருவர் தெரிந்துகொண்டால், அதற்கு ஒரு ரூபாய் கூட்டி எழுதி மூட்டையைத் தட்டிக்கொண்டு போகலாம். விவசாயிக்கும் நட்டம், மற்ற வியாபாரிக்கும் நட்டம். ஏலம் முடிந்தபின், அறிவிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒருவருக்குத் தெரிந்தால், முறை தவறியதுதான், ஆனால் விலை மாறாது. வினாத்தாள் கசிவு முதல் வகை. 2005-இல் நடந்தது இரண்டாம் வகை. இரண்டுக்கும் ஒரே தண்டனை என்றால் அது கண்டிப்பில் சேராது, சோம்பலில்தான் சேரும்.

இரண்டாம் வகையிலும் ஒரு கிளை உண்டு, அதை நாம் கண்டுகொள்வதே இல்லை: அடுத்தவர் முடிவைப் பார்ப்பது. நம் பிளஸ் டூ முடிவைத் திறக்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் போதும். ஒரே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதிவெண் வரிசையாக வரும். பிறந்த தேதி கேக் வெட்டிய நாளிலேயே வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். ரிசல்ட் அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கை அவளுக்கு முன்னால் பார்த்துவிட்டு, “என்னம்மா, கெமிஸ்ட்ரில விட்டுட்டியாமா?” என்று கேட்கும் பெரியவர்கள் தங்களைத் தப்பு செய்தவர்களாக நினைப்பதில்லை. என் கணக்கில், தன் கடிதத்தைத் தானே எட்டிப் பார்த்த அந்த 119 பேரைவிட இது மோசம். முதல் மூன்று இடம் பிடித்தவர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்தியது. 2024-இல் திருப்பூர் மாவட்டம் 97.45 விழுக்காட்டுடன் மாநிலத்தில் முதலிடம் வந்தபோதும் பேசப்பட்டது மாவட்டம்தான், மாணவர் பெயரல்ல. அரசு விட்டதைத் தெரு விடவில்லை.

இதே ஓட்டையின் பெரிய வடிவம் 2013-இல் வெளிப்பட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கொல்கத்தா மாணவர் ஒருவர், ஐசிஎஸ்இ, ஐஎஸ்சி முடிவுகள் இருந்த தளத்தில் எண்களை வரிசையாக மாற்றிக் கேட்கும் சிறிய நிரல் ஒன்றை எழுதி, சுமார் 2 லட்சம் பேரின் மதிப்பெண்களை இறக்கிவிட்டார். அதை வரைபடமாக்கியபோது சில மதிப்பெண்களை நாடு முழுக்க ஒருவர்கூட எடுக்கவில்லை என்பது தெரிந்தது. மதிப்பெண்கள் எப்படிச் சரிக்கட்டப்படுகின்றன என்ற கேள்வி கிளம்பியது. பொதுநன்மையும் அத்துமீறலும் ஒரே காரியத்தில் ஒட்டிக்கிடந்த விவகாரம் அது. அவர் கேட்ட கேள்வி தேவையான கேள்வி. ஆனால் அந்த 2 லட்சம் பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, பொறுப்பாளரின் அனுமதியின்றி ஒரு கணினி அமைப்புக்குள் நுழைவதையே இழப்பீட்டுக்குரிய செயலாக வைக்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கோடோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘வெப்சைட்டே திறந்துதானே கிடந்தது’ என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. திறந்து போட்ட நிறுவனத்துக்கு என்ன என்று கேட்டால் பதில் மெலிந்துவிடுகிறது. 2005-இலும் சீட்டை இழந்தது மாணவர்கள் மட்டுமே.

இனி நம் பொறியியல் கலந்தாய்வு. 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப், தரவரிசை, விருப்பப் பட்டியல் என்று 2018 முதல் எல்லாம் இணையத்தில் நடக்கிறது. இதில் ஒரு நல்ல அமைப்பு இருக்கிறது. உங்களுக்கு முன் ரேங்கில் இருப்பவர்கள் எடுத்தது போக மிச்சமிருப்பதில், உங்கள் பட்டியலில் மேலே உள்ளது உங்களுக்கு வரும். ஆகவே அடுத்தவர் எந்தக் கல்லூரியைப் போட்டிருக்கிறார் என்று உளவு பார்த்தாலும் பத்து பைசா லாபமில்லை. தனக்குப் பிடித்த வரிசையில் நிரப்புவதே சிறந்த உத்தி. சமநிலை வந்தால் கடைசியில் பயன்படும் ரேண்டம் எண்ணையும் தரவரிசைக்கு முன்பே வெளியிட்டுவிடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒளிந்து பார்க்க எதுவும் மிச்சமில்லை. நல்ல முறை.

ஆனால் அறிவிப்பை முந்தினால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது. 2024 நீட் முடிவு ஜூன் 14-க்குப் பதில், மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாளான ஜூன் 4 அன்றே வந்தது. 67 பேர் முழு 720 மதிப்பெண். 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் தந்த விவரம் பிறகுதான் வெளியே வந்தது. அந்த மதிப்பெண்கள் ரத்தாகி, மறுதேர்வு நடந்து, ஜூலை 26 அன்று திருத்திய முடிவு வந்தபோது முதலிடத்தில் 17 பேர்தான் இருந்தார்கள். முந்தி வந்த முடிவை நம்பித் திட்டம் போட்ட வீடுகள் திரும்பவும் முதலிலிருந்து கணக்குப் போட வேண்டியிருந்தது.

நம் ஊர்ப்பக்கம் ‘முன்னாலேயே தெரிய வேண்டும்’ என்ற தவிப்புக்கு வேர் பணத்தில் இருக்கிறது. ரிசல்ட் வந்த அன்றே தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வரும்: கலந்தாய்வு வரை காத்திருந்தால் சீட் போய்விடும், இன்றைக்கே அட்வான்ஸ் கட்டுங்கள் என்று. அந்தப் பயத்தில்தான் ‘உள்ளே ஆள் இருக்கு, அலாட்மென்ட்டை இப்பவே பார்த்துச் சொல்றேன்’ என்பவரிடம் ஓடிபியைக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்தபின் விருப்பப் பட்டியலையே அவர் மாற்றிவிடலாம். பதிவாவது உங்கள் பிள்ளையின் கணக்கில்தான். ஏஐசிடிஇ விதிப்படி, வகுப்பு தொடங்கும் முன் மாணவர் விலகினால் பொறியியல் கல்லூரி 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. அசல் சான்றிதழ்களையும் வைத்துக்கொள்ளக் கூடாது. அட்வான்ஸ் கட்டியே ஆக வேண்டுமென்றால் கல்லூரி பெயர் போட்ட ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். திரும்பக் கேட்கப் போகும்போது கையில் அது இருக்க வேண்டும்.