சிகப்பு விளக்கு தெருவைப் "பார்க்க" போகிறீர்களா? முதலில் போனை சட்டைப் பையில் போடுங்கள்!

தேனி,-

கம்பம் பள்ளத்தாக்கில் "சிகப்பு விளக்கு" தெரு என்று ஒன்று கிடையாது. தேனியில் இல்லை. சின்னமனூரில் இல்லை. உத்தமபாளையம், கம்பம், கூடலூரிலும் இல்லை. ஆனாலும் கேட்கிறார்கள்!

தேக்கடிக்குப் படகு சவாரி போகிறவர்கள், மேகமலை ஏற வருகிறவர்கள், சுருளி அருவியில் குளிக்க வருகிறவர்கள் என்று ஆண்டு முழுவதும் இந்தப் பக்கம் கூட்டம்தான். அதில் ஒரு சிலர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர் காதோரம் குனிந்து, "அண்ணே, இங்க அந்த ஏரியா எங்கண்ணே இருக்கு?" என்று கிசுகிசுக்கிறார்கள். எதுக்குப்பா என்றால், "சும்மா பாக்கத்தான்" என்று பதில் வரும்.

சரி, பார்க்கத்தான் என்றே வைத்துக்கொள்வோம். இல்லாத தெருவைத் தேடுகிறவன் கடைசியில் எதைப் பார்ப்பான்? கண்ணில் படுகிற பெண்களைப் பார்ப்பான். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

ஏலத்தோட்ட ஜீப்

விடிவதற்கு முன்னால் கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கம் வந்து பாருங்கள். தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் இருட்டில் நிற்பார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகிற கூலித் தொழிலாளர்கள் இவர்கள். ஜீப் வரும். நெருக்கியடித்து ஏறுவார்கள். மலை ஏறிப் பழம் எடுத்துவிட்டு, பொழுது சாய்ந்து திரும்புவார்கள். இறங்குவதும் அதே பஸ் நிறுத்தம், அதே இருட்டு.

ராத்திரி வண்டியில் வந்து இறங்கிய வெளியூர்க்காரனுக்கு இது தெரியாது. இருட்டில் ஒரு பெண் தனியாக நின்றால் அவன் புத்தி வேறு கணக்குப் போடுகிறது. பக்கத்தில் போய் நிற்கிறான். இருமுகிறான். "எவ்வளவு?" என்கிறான்.

அந்தப் பெண் செருப்பைக் கழற்றினால் அதோடு போயிற்று. ஸ்டேஷனுக்குப் போனால் வேறு கதை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-வது பிரிவின்படி, இணங்கும்படி ஒரு பெண்ணைக் கேட்பதே பாலியல் தொல்லைதான். 3 ஆண்டு வரை கடுங்காவல் கிடைக்கும். "தெரியாமக் கேட்டுட்டேன் சார்" என்று சொல்லித் தப்ப முடியாது.

இன்னொரு விஷயம். இந்தத் தொழிலில் இருக்கும் பெண்கள் நம் மாவட்டத்தில் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலும் இது தெருவாக, வீடுகளாக ஒரே இடத்தில் நடப்பதில்லை. போனில் பேசிக்கொள்கிறார்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய் உலை வைக்கிறார்கள். தெருவில் அவர் இன்னாருடைய அம்மா, இன்னாருடைய அக்கா. பக்கத்து வீட்டுக்கும் தெரியாது, பல நேரம் சொந்த வீட்டுக்கே தெரியாது. அப்படிப்பட்ட ஒருவரை யாரோ ஒரு டூரிஸ்ட் போனில் படம் பிடித்து, நாலு பேருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் என்ன ஆகும்? மும்பையில் ஒரு சந்திலிருந்து அடுத்த சந்துக்குப் போய்விடலாம். சின்னமனூரில் எங்கே போவது? பொழுது சாய்வதற்குள் ஊர் பூராவும் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் காதுக்கும் போய்விடும்.

ஆகவே இந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்கள் அருவியைப் பார்க்கலாம், திராட்சைத் தோட்டத்தைப் பார்க்கலாம், வீரபாண்டி கவுமாரியம்மன் சித்திரைத் திருவிழாவைப் பார்க்கலாம். "அந்த ஏரியா" வேண்டாம்.

இங்கிருந்து போகிறவர்கள்

வருகிறவர்களுக்குச் சொன்னது போதும். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் சங்கதிக்கு வருவோம்.

ஏலக்காய் வியாபாரிகள் டெல்லி, கொல்கத்தா, மும்பை என்று போய் வருகிறார்கள். லாரி டிரைவர்கள் போகிறார்கள். காசி யாத்திரை, ஷீரடி யாத்திரை கோஷ்டிகள் போகின்றன. போடியிலிருந்து சென்னைக்கு 2023 ஜூனில் எக்ஸ்பிரஸ் ரயிலும் வந்துவிட்டது. வடக்கே போவது இப்போது பெரிய காரியமில்லை. போன இடத்தில் வேலை முடிந்த மாலை நேரம், கூட வந்தவன் தோளைத் தட்டுவான். "மாப்ள, வந்தது வந்தோம், அந்தத் தெருவையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருவோம்டா!"

போகாமல் இருப்பதே உத்தமம் என்பது இந்த நிருபரின் கட்சி. ஆனால் சில ஊர்களில் நாம் போகாவிட்டாலும் வழி அங்கேதான் போகிறது.

டெல்லி ஜி.பி.ரோடு புதுடெல்லி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. போர்டில் சுவாமி சிரத்தானந்த் மார்க் என்று எழுதியிருக்கும். கீழ்த்தளம் முழுக்க இரும்புச் சாமான், மோட்டார், பைப், குழாய்க் கடைகள். மாடிதான் "அந்த" மாடி. கடைக்குச் சரக்கு எடுக்கப் போகும் வியாபாரி அண்ணாந்து பார்க்காமல் பில் போட்டு வாங்கி வந்துவிடுகிறார். தினசரி ஆயிரம் பேர் அப்படித்தான் போய் வருகிறார்கள்.

புனேயில் புதவார் பேட்டை. புகழ்பெற்ற தகடூசேட் கணபதி கோவில் இருப்பதும் அதே பேட்டையில்தான். சாமி கும்பிட்டுவிட்டுக் குறுக்குச் சந்தில் நுழைந்தால் வாசல்களில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் பதறவும் வேண்டாம், பிள்ளைகளின் கண்ணைப் பொத்தவும் வேண்டாம். நேரே நடந்தால் மெயின் ரோடு வந்துவிடும்.

மும்பையில் காமாட்டிபுரா. காமாட்சிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது! கட்டட வேலைக்கு வந்து குடியேறிய தெலுங்கு நாட்டு "காமாட்டி" தொழிலாளர்களால் வந்த பெயர். சந்துகளுக்கு நம்பர் போட்டிருப்பார்கள். பழைய கூட்டம் இப்போது இல்லை. கட்டடங்களை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் பேச்சு நடக்கிறது.

இங்கே நம்மவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நாலு பேர் சேர்ந்துகொண்டு, "இவங்களுக்கு எங்க தமிழ் புரியப் போகுது" என்று நினைத்துத் தமிழிலேயே நக்கல் அடிக்கிறார்கள். 1990-ல் மும்பை விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களை மீட்டு ரயிலில் சென்னைக்குக் கொண்டு வந்தார்கள். வந்தவர்களில் பலருக்கு எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்தது. ஏமாற்றி அழைத்துப் போகப்பட்டவர்கள், விற்கப்பட்டவர்கள், கடனுக்காகப் போனவர்கள் எல்லோரும் அதில் உண்டு. வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்த அக்காவுக்கு உங்கள் பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகப் புரியலாம். எந்த ஊர்த் தமிழ் என்பதுகூடப் புரியலாம்.

அவர்கள் வீட்டு வாசல்

அப்படியானால் எப்படி நடந்துகொள்வது?

அது அவர்கள் குடியிருக்கும் தெரு. சமைப்பதும், துவைப்பதும், பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வருவதும் அங்கேதான். உங்கள் தெருவில் பத்துப் பேர் வந்து நின்று உங்கள் வீட்டு ஜன்னலை வாயைப் பிளந்து பார்த்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

போன் பையில் இருக்கட்டும். படம் வேண்டாம், வீடியோ வேண்டாம், "செல்பி" வேண்டவே வேண்டாம். எடுத்தால் போனைப் பிடுங்கி உடைப்பார்கள், உங்களுக்கும் விழும். அந்த நேரத்தில் உங்கள் பக்கம் பேச அங்கே ஒரு ஆள் வரமாட்டான்.

குடித்துவிட்டுப் போகாதீர்கள். கூட்டமாகப் போகாதீர்கள். மெயின் ரோட்டோடு இருங்கள். கூப்பிட்டால் "வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு நடங்கள். சிரிக்கவும் வேண்டாம், முறைக்கவும் வேண்டாம். தாகம் எடுத்தால் டீக்கடையில் டீ குடியுங்கள், கடைக்காரரிடம் கேள்வி கேட்காதீர்கள். "நீ ஏம்மா இந்தத் தொழிலுக்கு வந்தே?" என்று கேட்பதை நம் ஆட்கள் இரக்கம் என்று நினைக்கிறார்கள். முன்பின் தெரியாதவனிடம் அந்தக் கதையை ஏன் சொல்ல வேண்டும்? பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பது அதைவிட மோசம்.

புரோக்கர் பின்னால் மாடிப்படி ஏறினால் முடிந்தது. கதவைச் சாத்துவான். கீழே சொன்ன ரேட் வேறு, மேலே கேட்கும் ரேட் வேறு. மணிபர்ஸ், வாட்ச், மோதிரம் எல்லாம் போகும். வெளியே சொன்னால் மானம் போகும் என்று தெரிந்துதான் செய்கிறான். மாட்டிக்கொண்டால் 112-க்குப் போன் போடுங்கள். மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குக் கொல்கத்தாவில் ஒரு வழி இருக்கிறது. சோனாகாச்சியில் டாக்டர் ஸ்மரஜித் ஜனா 1992-ல் சுகாதாரப் பணி தொடங்கினார். அதிலிருந்து 1995-ல் "துர்பார்" என்ற பெண்களின் சொந்தச் சங்கம் உண்டாயிற்று. அதே ஆண்டு "உஷா" என்று ஒரு கூட்டுறவுச் சங்கமும் வந்தது. நன்னடத்தை உள்ளவர்கள்தான் உறுப்பினராகலாம் என்ற விதி குறுக்கே நின்றதாம். போராடி அதையும் மாற்ற வைத்தார்கள். இன்று அவர்கள் சேமிப்பு அவர்கள் கையில். கந்துவட்டிக்காரன் கையில் இல்லை. முன்கூட்டிக் கேட்டு, அனுமதி வாங்கி, பகலில் சங்க ஆபீசுக்குப் போய்ப் பேசலாம். சொல்ல விரும்புகிறவர்கள் சொல்வார்கள்.

இது நம் நாட்டுத் தொல்லை மட்டுமல்ல. ஹாலந்து நாட்டில் 2000-லேயே விடுதிகளுக்குச் சட்ட அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆம்ஸ்டர்டாம் நகரில் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் பெண்கள் நிற்பதை வேடிக்கை பார்க்க உலகமே திரண்டது. கைடு முன்னால் கொடி பிடிக்க, பின்னால் கும்பல். தொந்தரவு தாங்காமல் 2020-ல் அந்த ஜன்னல்களைச் சுற்றிக் காட்டும் கைடு டூருக்கே தடை போட்டார்கள். தொழில் செய்ய அனுமதி உண்டு, கும்பலாக வேடிக்கை காட்டத்தான் அனுமதி இல்லை!

சட்டம் என்ன சொல்கிறது?

1956-ம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டம் விடுதி நடத்துகிறவரையும், புரோக்கரையும், பெண்ணின் சம்பாத்தியத்தில் பிழைப்பவரையும் தண்டிக்கிறது. கோவில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் நடந்தால் பெண்ணோடு வந்த ஆணுக்கும் 3 மாதம் வரை சிறை. நம் ஊரில் கோவிலுக்கு 200 மீட்டர் தள்ளி ஒரு லாட்ஜ் கண்டுபிடிப்பது லேசான வேலையா என்ன?

2022 மே 19 அன்று சுப்ரீம் கோர்ட்டு முக்கியமான உத்தரவுகள் போட்டது. கொல்கத்தாவில் 1999-ல் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்ட வழக்கிலிருந்து கிளம்பிய விஷயம் இது. வயது வந்த பெண் சுயவிருப்பத்தோடு செய்வது குற்றமில்லை, விடுதி நடத்துவதுதான் குற்றம். சோதனையின்போது அந்தப் பெண்களைக் கைது செய்யவோ, துன்புறுத்தவோ கூடாது. அவர்கள் புகார் கொடுத்தால் மற்றவர்கள் புகாரைப் போலவே எடுக்க வேண்டும். முகவரி அத்தாட்சி இல்லை என்று ஆதார் மறுக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது.

பத்திரிகைகளுக்கும் ஒரு குட்டு விழுந்தது. பெயரோ, படமோ, அடையாளமோ போடக்கூடாது என்றது கோர்ட்டு. "அழகிகள் கைது" என்று கொட்டை எழுத்தில் போட்டு, முந்தானையால் முகத்தை மூடிய பெண்களை வரிசையாக நிறுத்திப் படம் போட்ட காலம் ஒன்று இருந்தது. பக்கத்தில் நின்ற லாட்ஜ் முதலாளியின் முகம் மட்டும் எப்படியோ படத்தில் விழாது!

72 மணி நேரம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் படித்த நிர்மலாவும் காப்பகத்தில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பிறகு அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பட்டியலில் தேனியும் இடம்பெற்றது. கேரளாவுக்குப் போகும் லாரிப் பாதை அல்லவா! பழி விழுந்தது பெண்கள் மேல். கிருமியை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்குக் கொடுத்தது யார் என்று கேட்டவர்கள் குறைவு.

எங்கேயோ போய்ப் பயந்துபோய் வந்தவர்கள் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 72 மணி நேரத்துக்குள் போனால் தடுப்பு மருந்து உண்டு, 28 நாள் சாப்பிட வேண்டும். அதுவும் முதல் சில மணி நேரத்துக்குள் போவது நல்லது. "நம்பிக்கை மையம்" என்ற போர்டு இருக்கும் இடத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். ரகசியம் காக்க வேண்டும் என்பது 2017-ம் ஆண்டுச் சட்டம். சந்தேகம் கேட்க 1097.

கடைசியாக ஒன்று. எந்த ஊர்த் தெருவானாலும் சரி, எந்த லாட்ஜ் ஆனாலும் சரி, 18 வயது ஆகாத பெண் என்று தோன்றினால் அங்கே நின்று நியாயம் பேசாதீர்கள். புரோக்கருக்குத் தெரிந்தால் ராத்திரிக்குள் பெண்ணை வேறு ஊருக்குக் கடத்திவிடுவான். வெளியே வந்து, இடத்தையும் அடையாளத்தையும் மனதில் குறித்துக்கொண்டு 1098-க்குப் போன் செய்யுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். காசு கிடையாது.