அப்பத்தா, அம்மாச்சி, அப்புச்சி... எல்லோரும் 'தாத்தா - பாட்டி' ஆனால் என்ன நஷ்டம்? திண்டுக்கல் சொல்லும் உறவுக் கணக்கு

"லீவுக்கு அம்மாயி வீட்டுக்குப் போறேன்" என்று ஒரு சிறுவன் சொன்னால், ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரருக்கு உடனே புரியும். அம்மாவைப் பெற்ற பாட்டி வீட்டுக்குப் போகிறான். அதே மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் ஒருவருக்கோ 'அம்மாயி' என்றால் சின்னப் பெண். ஒரே சொல், ஒரு வீட்டில் பாட்டி, பக்கத்து வீட்டில் பேத்தி!

பெற்றோரையும் தாத்தா, பாட்டியையும் கூப்பிட ஒரே மாவட்டத்தில் இத்தனை சொற்கள் எப்படி வந்தன? அவை மறைந்தால் நிஜமாகவே ஏதாவது நஷ்டம் உண்டா? விரிவாகப் பார்க்கலாம்.

திண்டுக்கல்லில் மட்டும் ஏன் இவ்வளவு கலவை?

காரணம் ஊர் இருக்கும் இடம். 1985-ல் மதுரை மாவட்டத்தில் இருந்து பிரிந்து உருவானது திண்டுக்கல் மாவட்டம். தெற்கே மதுரை, தேனி. வடக்கிலும் மேற்கிலும் கரூர், திருப்பூர். கிழக்கே திருச்சி. அதாவது பாண்டிய நாட்டுப் பேச்சும் கொங்குப் பேச்சும் உரசிக்கொள்ளும் சமவெளி இது. கூடவே தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், உருது பேசும் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கின்றன.

மதுரைப் பேச்சு ஓங்கிய பகுதிகளில் அப்பாவின் அம்மா 'அப்பத்தா', அம்மாவின் அம்மா 'அம்மாச்சி'. அப்பா + ஆத்தா, அம்மா + ஆச்சி என்று சொல்லிலேயே கணக்கு இருக்கிறது. மதுரை, தேனிப் பக்கம் தாத்தாவை 'சீயான்' என்று கூப்பிடும் வீடுகளும் உண்டு.

மேற்கே பழனி தாண்டிக் கொங்குப் பக்கம் போனால் அப்பாவின் அப்பா 'அப்பாரு'. அம்மாவின் அப்பா 'அப்புச்சி'. அம்மாவின் அம்மா 'அம்மாயி' அல்லது 'அம்முச்சி'.

இங்கே ஒரு எழுத்து மாறினாலும் ஆள் மாறிவிடும். கொங்கில் 'அப்புச்சி' தாத்தா. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் 'அப்பச்சி' என்றால் அப்பா. அவர்களுக்கு 'ஆயா' அம்மாவின் அம்மா. நெல்லைப் பக்கம் 'ஆச்சி' பாட்டி, செட்டிநாட்டிலோ அக்காவையும் மரியாதைக்குரிய பெண்களையும் 'ஆச்சி' என்பார்கள்.

அத்தா, நாயனா, அவ்வா...

திண்டுக்கல் பேகம்பூர் போன்ற பகுதிகளில் தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் அப்பாவை 'அத்தா' என்று கூப்பிடுவது வழக்கம். கடற்கரை ஊரான காயல்பட்டினத்தில் இதுவே 'வாப்பா', அம்மா 'உம்மா'. தாத்தா, பாட்டிக்கு 'நன்னா', 'நன்னி' என்ற அழைப்புகளும் உண்டு.

தெலுங்கு பேசும் வீடுகளில் அப்பா 'நாயனா', பாட்டி 'அவ்வா'. கன்னட கிராமப் பேச்சில் 'அவ்வா' என்றால் அம்மா. பாட்டிக்கு அங்கே 'அஜ்ஜி', தாத்தாவுக்கு 'அஜ்ஜா'. 'தாத்தா' என்ற சொல் மட்டும் தமிழிலும் தெலுங்கிலும் ஒன்றுதான்.

'ஆத்தா' என்றால் அம்மாவா, பாட்டியா, மகளா?

மூன்றும்தான்! தென் மாவட்டங்களில் அம்மாவை 'ஆத்தா' என்பார்கள். மேற்கே சில வீடுகளில் அப்பாவின் அம்மாதான் ஆத்தா. அதே சொல்லால் பெற்ற மகளையும் "வா ஆத்தா", "சாப்பிடு தாயி" என்று கொஞ்சுவார்கள். பையனை "அய்யா" என்று அழைப்பதும் இப்படித்தான். மாரியம்மனும் 'மாரியாத்தா'தான்.

இதற்குப் பின்னால் பெயர் வைக்கும் வழக்கமும் இருக்கிறது. தாத்தாவின் பெயரைத் தாங்கி வருபவன் என்பதால்தான் 'பெயரன்'. அதுவே பேச்சில் 'பேரன்' ஆனது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த வீடுகளில், அந்தப் பெயர் வைத்த குழந்தையைத் தாய் எப்படிக் கூப்பிடுவார்? "அய்யா", "சாமி" போன்ற செல்லப் பெயர்கள் அங்கே கைகொடுத்தன.

பழைய தமிழில் இன்னும் நுணுக்கம்

சங்க காலத் தமிழில் யாருடைய அம்மா என்பதற்கே தனித்தனிச் சொல் இருந்தது. என் தாய் 'யாய்', உன் தாய் 'ஞாய்', அவருடைய தாய் 'தாய்'. அதேபோல் 'எந்தை', 'நுந்தை', 'தந்தை'. இன்று 'என் தாய்', 'என் தந்தை' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அந்தக் காலக் கணக்குப்படி பார்த்தால் அது 'என் அவருடைய தாய்' என்பது போல!

1871-ல் அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் உலக உறவுமுறைகளைத் தொகுத்துப் புத்தகம் வெளியிட்டார். அப்பாவின் அண்ணன், தம்பியும் பெரியப்பா, சித்தப்பா என்று 'அப்பா' வரிசையில் வருவதும், அம்மாவின் சகோதரர் மட்டும் தனியே 'மாமா' ஆவதும் அதில் இடம்பெற்றன. நியூயார்க் பகுதியில் வாழ்ந்த செனெக்கா பழங்குடியினரின் முறையும் தமிழர் முறையும் ஒத்திருந்தது அவரை வியக்க வைத்தது.

உலகம் முழுக்க 'அம்மா' ஏன் ஒரே மாதிரி ஒலிக்கிறது?

மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் தந்த விளக்கம் இது. பால் குடிக்கும்போது குழந்தையின் வாய் அடைபட்டிருக்கும். அப்போது மூக்கு வழியாக வரும் முனகல் 'ம்ம்' என்றுதான் இருக்கும். அதைப் பெரியவர்கள் அம்மாவுக்கு உரியதாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் விதிவிலக்கும் உண்டு. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா.

தாத்தா, பாட்டி விஷயத்திலும் தமிழுக்கு வெளிநாட்டில் கூட்டாளி இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் 'அம்மம்மா', 'அப்பம்மா' என்பதைப் போலவே, ஸ்வீடன் நாட்டினர் அம்மாவின் அம்மாவை 'மோர்மோர்', அப்பாவின் அம்மாவை 'ஃபார்மோர்' என்கிறார்கள்.

எல்லாரையும் 'பாட்டி' என்றால் என்ன நஷ்டம்?

பாசத்துக்கு நஷ்டமில்லை. ஆனால் இரண்டு இடங்களில் இந்த வித்தியாசம் நிஜமாகவே தேவைப்படும்.

முதலாவது ஆஸ்பத்திரி. ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயை எடுத்துக்கொள்வோம். அம்மாவின் அப்பாவுக்கு இந்த நோய் இருந்தால், அவர் மகள்கள் எல்லோரும் அந்த மரபணுவைச் சுமப்பார்கள். அந்த மகளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஆனால் அப்பாவின் அப்பாவுக்கு இருந்தால், அவரிடமிருந்து மகன் வழியாகப் பேரனுக்கு அது வராது. ஆக, "தாத்தாவுக்கு இருந்துச்சு" என்று சொன்னால் டாக்டருக்குப் போதாது. "அப்புச்சிக்கு இருந்துச்சு" என்று சொன்னால் ஒரே வார்த்தையில் பதில் முடிந்தது. சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்த குடும்பம் என்றால் இன்னும் கவனம் தேவை. தாய்மாமனைக் கட்டிய பெண்ணின் குழந்தைக்கு அப்பத்தாவாக இருப்பவரே, அந்தப் பெண்ணுக்கு அம்மாச்சி!

இரண்டாவது சொத்து. 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணுக்கு முதல் வகுப்பு வாரிசுகள் யாரும் இல்லை என்றால் இரண்டாம் வகுப்புப் பட்டியலைப் பார்ப்பார்கள். அதில் அப்பாவின் அப்பா, அம்மா இருப்பது 5-வது வரிசையில். அம்மாவின் அப்பா, அம்மா இருப்பது 8-வது வரிசையில். முன் வரிசையில் ஆள் இருந்தால் பின் வரிசைக்குப் பங்கு போகாது. சட்டத்தின் கண்ணில் அப்பத்தா வேறு, அம்மாச்சி வேறு.

இப்போது என்ன நடக்கிறது?

வேலைக்காக ஊர் மாறுவது, பள்ளிக்கூடப் பழக்கம், டிவி என்று பல காரணங்களால் 'அப்பத்தா' என்று கூப்பிடக் கூச்சப்படும் பிள்ளைகள் உண்டு. ஆனாலும் வித்தியாசப்படுத்தும் தேவை போகவில்லை. அதனால்தான் "பழனி பாட்டி", "மதுரை பாட்டி" என்று ஊர்ப் பெயரை ஒட்டவைத்து அழைக்கிறார்கள். என்ன, பாட்டி வீடு மாறினால் பெயரும் மாற வேண்டியிருக்கும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் போனில் 'பாட்டி' என்று சேவ் செய்திருக்கும் எண்ணை அப்பத்தா, அம்மாயி, அவ்வா, நன்னி என உங்கள் வீட்டுச் சொல்லிலேயே மாற்றிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளை "அப்பத்தான்னா யாரு?" என்று கேட்டால், குடும்பக் கதையைச் சொல்ல அதைவிட நல்ல ஆரம்பம் வேண்டியதில்லை.