தந்தைக்கும் மகனுக்கும் ஒரே கால் எரிச்சலா?

“அப்பாவுக்கும் இப்படித்தான் கால் எரிந்தது, இது எங்கள் குடும்ப வாகு” என்று தோட்டப்புறங்களில் சிலர் கூறக் கேட்கிறோம். நோயைக் கண்டறிய மருத்துவருக்கு உதவும் முதல் தடயமே அச்சொல்தான்.

கால் மரத்துப்போவதற்கும் எரிவதற்கும் இனிப்பு நீர், பி12 உயிர்ச்சத்துக் குறைவு, தொழுநோய் முதலியன காரணமாகலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆதலால் இவற்றை முதலில் சோதித்தறிதல் வேண்டும்.

இவை இல்லையெனில், பரம்பரை நரம்பு நோய் உண்டா என ஆராய்வர். அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது, 1886இல் விவரிக்கப்பட்ட சார்கோ-மாரி-டூத் நோயாகும். ஏறத்தாழ 2,500 பேரில் ஒருவருக்கு இது உண்டு. உள்ளங்கால் மிக வளைந்திருத்தல், கால்விரல்கள் மடங்குதல், கெண்டைக்கால் மெலிதல், அடிக்கடி இடறுதல் ஆகியன இதன் அறிகுறிகள். இதன் பெரும்பாலான வகைகளில், பெற்றோருள் ஒருவருக்கு நோயிருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு.

நரம்பில் மின்னுணர்வு பாயும் வேகத்தை அளந்தும், இரத்தத்தில் மரபணுவைச் சோதித்தும் நோயை உறுதிசெய்வர். இதனை முற்றிலும் போக்கும் மருந்து இல்லை. எனினும் நோயின் பெயர் தெரிந்தால், ஏற்ற காலணியும் உடற்பயிற்சியும் நடையைக் காக்கும். வலியைத் தணிக்க மருந்துண்டு. நரம்பைக் கெடுக்கும் வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகளையும் தவிர்க்கலாம். மரத்த காலில் முள் தைத்தாலும் தெரியாதாகையால், நாள்தோறும் பாதங்களைப் பார்த்தல் நன்று.

மருத்துவரைக் காணச் செல்லுமுன், குடும்பத்தில் எவரெவருக்கு, எந்த வயதில் இத்தொல்லை தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்வோம். தாத்தாவின் தள்ளாட்டத்தையும் மறவாது கூறுவோம். அந்த ஒரு தாள், நம் பிள்ளைகளின் கால்களுக்கும் காவலாகும்.