பன்னிரண்டு டன் அறிவியல்

விண்வெளித் துறையில் எடை என்றால் செலவு. ஆனால், 1965 ஜூலை 16 அன்று சோவியத் ஒன்றியம் பைக்கனூரிலிருந்து செலுத்திய 'புரோட்டான்-1' செயற்கைக்கோளின் எடை ஏறத்தாழ 12 டன். 1957-இல் பறந்த ஸ்புட்னிக்-1 வெறும் 83.6 கிலோதான். பொருளாதாரம் கற்பித்த எனக்கு இயற்பியல் அயல்துறை. ஆயினும், இந்த எடை எதற்கு, அதற்கான செலவு யாருடையது என்ற கேள்வி நெடுநாளாக என்னை விடவில்லை.

விண்ணிலிருந்து ஓயாமல் வந்து விழும் அண்டக்கதிர்களில் பெரும்பாலானவை புரோட்டான்கள். பத்து மீட்டர் ஆழமுள்ள நீருக்கு ஒப்பான நமது வளிமண்டலத்தில் மோதி அவை சிதறிவிடுகின்றன. உதகமண்டலத்தில் உள்ள 'கிரேப்ஸ்-3' ஆய்வகம் அந்தச் சிதறல்களைக் கொண்டுதான் மூலத்துகளைக் கணிக்கிறது. மூலத்துகளையே அளக்க வேண்டுமானால் மேலே செல்ல வேண்டும். அங்கும் அதைத் தடுத்து நிறுத்தி ஆற்றலை அளக்கக் கனமான பொருள் வேண்டும். மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் நௌம் கிரிகோரவ் குழு இரும்புப் பலகைகளை அடுக்கி, இடையிடையே துகள் பட்டால் ஒளிரும் பொருளை வைத்து ஒரு கலோரிமானியை அமைத்தது.

இதைச் சுமந்த ராக்கெட், விளாதிமிர் செலமேய் வடிவமைத்த யுஆர்-500. மாபெரும் அணுகுண்டை ஏந்திச் செல்வதற்கெனத் திட்டமிடப்பட்டது அது. 1964-இல் குருஷ்சேவ் பதவி இழந்தபின் அந்த நோக்கம் கைவிடப்பட்டது, ராக்கெட் தப்பியது. அதைச் சோதித்துப் பார்க்க ஏதேனும் ஒரு சுமை தேவை. வெறும் எடைக்கல்லை ஏற்றியிருந்தாலும் சோதனை நடந்திருக்கும்! ராக்கெட்டுக்கான செலவு எப்படியும் செய்யப்பட்டுவிட்ட நிலையில், அறிவியலுக்கான இறுதிநிலைச் செலவு கருவியின் விலை மட்டுமே. பின்னர் ராக்கெட்டே தன் சுமையின் பெயரைப் பெற்றது.

நான்கு செயற்கைக்கோள்கள் சுற்றுப்பாதையை எட்டின. 1966 மார்ச்சில் ஒன்று தவறியது. 1968 நவம்பரில் சென்ற புரோட்டான்-4 சுமார் 17 டன். ஒரு லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியதும் புரோட்டான்களின் எண்ணிக்கை வெகுவாகச் சரிவதாக இந்த அளவீடுகள் காட்டின. பரபரப்பான முடிவு. ஆனால், பிழையான முடிவு.

பிழைக்குக் காரணம் அந்த இரும்பேதான். உயர் ஆற்றல் துகள் அதில் மோதும்போது பிறக்கும் துகள்களில் சில மேல்நோக்கித் திரும்பி, மின்னூட்டத்தை அளக்கும் உணர்கருவியைத் தாக்கின. அதனால் புரோட்டான்கள் கனமான அணுக்கருக்களாகத் தவறாகக் கணக்கிடப்பட்டன. துகள்களை இனம் பிரிக்காமல் எடுத்த மொத்தக் கணக்குக்கு இந்தக் குறை இல்லை. பின்வந்த ஆய்வாளர்கள் அதை நெடுங்காலம் பயன்படுத்தினர். எனவே, இத்திட்டத்தைத் தோல்வி என்று நான் எழுதமாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஐந்தாவது புரோட்டான் பறக்கவில்லை. பிறர் செலவில் பயணம் செய்பவர், வண்டி வேறு வேலைக்குப் போய்விட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். துகள் வரும் திசையைப் பிரித்தறியும் உணர்கருவியுடன் 'சோகோல்' என்ற சோவியத் கலோரிமானி விண்ணுக்குச் சென்றது 1984-இல்தான். 2015-இல் சீனா அனுப்பிய 'டாம்பே' செயற்கைக்கோளும் புரோட்டான்களின் எண்ணிக்கையில் ஒரு சரிவைக் கண்டது. ஆனால், அது ஏறத்தாழ 14 லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட்டில், கிரிகோரவ் குழு சொன்ன இடத்துக்கு வெகுதொலைவில் இருக்கிறது.