இங்கிலாந்தில் குழந்தைக் காப்பாளர் பதிவு

பிறர் குழந்தைகளைத் தம் வீட்டில் வைத்து, கட்டணம் பெற்றுக் கவனித்துக்கொள்பவர் இங்கிலாந்தில் 'சைல்டுமைண்டர்' எனப்படுகிறார். தமிழில் இவரைக் குழந்தைக் காப்பாளர் எனலாம். குறிப்பிட்ட வரம்புகளைத் தாண்டி இப்பணியைச் செய்பவர்கள் தம் பெயரைப் பதிவு செய்துகொள்வது சட்டப்படி கட்டாயமாகும். 2006ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டம் இதற்கு அடிப்படையாக உள்ளது. பதிவு, ஆய்வு ஆகிய இரண்டையும் ஆஃப்ஸ்டெட் என்னும் அரசு அமைப்பு மேற்கொள்கிறது. 2014இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஆஃப்ஸ்டெட்டின் ஏற்பைப் பெற்ற முகமைகள் வழியாகவும் பதிவு செய்யலாம்.

வரலாறு

இதற்கான முதல் சட்டம் 1948இல் வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, ஐந்து வயதுக்கு உட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைக் கட்டணத்திற்குப் பார்ப்பவர்கள் மட்டுமே அதன்படி பதிய வேண்டியிருந்தது. ஓரிரு குழந்தைகளை மட்டும் வைத்திருந்தவர்கள் கண்காணிப்புக்கு வெளியே இருந்தனர். 1968இல் செய்யப்பட்ட திருத்தம், உறவல்லாத ஒரே ஒரு குழந்தையைப் பார்த்தாலும் பதிவு தேவை என்றது. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் வயது வரம்பை எட்டாக உயர்த்தியது. உள்ளாட்சி மன்றங்களிடம் இருந்த இப்பொறுப்பு 2001இல் ஆஃப்ஸ்டெட்டுக்கு மாற்றப்பட்டது.

பதிவு கட்டாயமாகும் நிலை

பின்வரும் நான்கும் ஒருசேரப் பொருந்தினால் பதிவு தேவை:

1. குழந்தை எட்டு வயதுக்கு உட்பட்டது.
2. ஒரு நாளில் 2 மணி நேரத்திற்கு மேல் கவனிக்கப்படுகிறது.
3. கவனிக்கும் இடம் குழந்தையின் சொந்த வீடு அன்று; பெரும்பாலும் காப்பாளரின் வீடு.
4. அதற்குக் கைம்மாறு பெறப்படுகிறது.

விலக்குகள்

* பெற்றோரும், சட்டம் குறிப்பிடும் நெருங்கிய உறவினரும் பதிய வேண்டியதில்லை. அவர்கள் பணம் பெற்றாலும் இவ்விலக்கு உண்டு.
* மாலை 6 மணி முதல் இரவு 2 மணி வரை மட்டும் பார்த்துக்கொள்பவருக்குப் பதிவு தேவையில்லை.
* குழந்தையின் வீட்டிற்கே சென்று பார்த்துக்கொள்ளும் 'நானி' கட்டாயமாகப் பதிய வேண்டியதில்லை. விரும்பினால் தாமாகப் பதியலாம்.
* பெற்றோரின் நண்பர், பணம் பெற்றாலும் நாளொன்றுக்கு 3 மணி நேரம் வரை பார்த்துக்கொள்ளலாம். பணம் பெறாவிட்டால் இந்த நேர வரம்பு இல்லை.

விலக்கு பெற்ற ஒருவர் பிறர் குழந்தைகளையும் ஏற்றால், அவர்களுக்காகப் பதிய வேண்டும். பேரனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்குப் பதிவு தேவையில்லை. அவரே பக்கத்து வீட்டுக் குழந்தையையும் பகல் முழுதும் கட்டணத்திற்கு வைத்துக்கொண்டால் தேவை.

'உறவினர்' யார்?

தாத்தா, பாட்டி, உடன்பிறந்தார், பெற்றோரின் உடன்பிறந்தார், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை ஆகியோரையே சட்டம் உறவினராகக் கொள்கிறது. திருமணத்தால் இவ்வுறவு அமைந்தவர்களும் இதில் அடங்குவர்.

இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதனைக் கவனிக்க வேண்டும். தமிழில் தந்தையின் சித்தப்பா மகனும் குழந்தைக்குச் சித்தப்பாதான். தாயின் பெரியம்மா மகளும் சித்திதான். ஆங்கிலச் சட்டத்தில் இவர்கள் பெற்றோரின் 'கசின்' மட்டுமே ஆவர். ஆகவே உறவினர் விலக்கில் அடங்கமாட்டார்கள். ஊர்ப் பழக்கத்தாலும் கோயில் பழக்கத்தாலும் 'அத்தை', 'மாமி' என அழைக்கப்படுபவர்களுக்கும் இதுவே பொருந்தும். இத்தகையோர் பணம் பெறாமல் உதவினால் சிக்கல் இல்லை. பணம் பெற்றால், நண்பருக்குரிய 3 மணி நேர வரம்புக்குள் தம் உதவி அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

'கைம்மாறு' எது?

கைம்மாறு என்பது பணம் மட்டுமன்று. பணமதிப்புள்ள பொருளும் சேவையும் அதில் அடங்கும். 2009இல் இச்சொல் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ஒரே பணியைப் பகிர்ந்து செய்த இரு பெண் காவலர்கள், ஒருவர் வேலைக்குச் செல்லும் நாளில் மற்றவர் அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டனர். பணம் எதுவும் கைமாறவில்லை. எனினும், ஒருவர் மற்றவருக்குச் செய்யும் இலவசப் பராமரிப்பே கைம்மாறு என்று கொண்ட ஆஃப்ஸ்டெட், அவர்கள் பதிய வேண்டும் என்றது. பொதுமக்களிடையே எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து அரசு விதியை மறு ஆய்வு செய்து, நண்பர்கள் பணமின்றி ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் இத்தகைய உதவிக்கு விலக்கு அளித்தது.

பதிவேடுகளும் நிபந்தனைகளும்

குழந்தையின் ஐந்தாம் பிறந்தநாளை அடுத்து வரும் ஆகஸ்ட் 31 வரை 'தொடக்க ஆண்டுகள் பதிவேடு' பொருந்தும். அதன்பின் எட்டு வயது வரை 'குழந்தைப் பராமரிப்புப் பதிவேட்டின்' கட்டாயப் பகுதி பொருந்தும். இரு வயதினரையும் ஏற்பவர் இரண்டிலும் பதிய வேண்டும்.

விண்ணப்பிப்பவரும், அவ்வீட்டில் வாழும் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் குற்றப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். தொடக்க ஆண்டுகள் பதிவேட்டில் சேர்பவருக்குக் குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி தேவை. பொதுவாக ஒருவர் ஒரே நேரத்தில், தம் பிள்ளைகளையும் சேர்த்து, எட்டு வயதுக்கு உட்பட்ட ஆறு குழந்தைகள் வரை பார்க்கலாம்.

பதிவின்றிச் செயல்பட்டால்

பதிவு பெறாமல் பணி செய்பவருக்கு ஆஃப்ஸ்டெட் தடை அறிவிப்பு வழங்கலாம். அது ஓராண்டுக்குச் செல்லும். தக்க காரணமின்றி அதனை மீறிப் பணியைத் தொடர்வது குற்றமாகும்.

பெற்றோருக்கும் இதில் இழப்பு உண்டு. 'வரியற்ற குழந்தைப் பராமரிப்பு' என்னும் திட்டத்தில் பெற்றோர் செலுத்தும் ஒவ்வொரு 8 பவுண்டுக்கும் அரசு 2 பவுண்டு சேர்க்கிறது. பதிவு பெற்றவரிடம் குழந்தையை விடுவோருக்கே இவ்வுதவி கிடைக்கும். எனவே குழந்தையை ஒப்படைக்கும் முன் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஐக்கிய இராச்சியத்தின் பிற பகுதிகள்

மேற்கண்ட விதிகள் இங்கிலாந்துக்கு மட்டுமே உரியவை. வேல்சிலும் வட அயர்லாந்திலும் வயது வரம்பு 12, ஸ்காட்லாந்தில் 16. வேல்சிலும் ஸ்காட்லாந்திலும் தனித்தனி ஆய்வு அமைப்புகளும், வட அயர்லாந்தில் சுகாதார, சமூகநல அறக்கட்டளைகளும் பதிவைக் கவனிக்கின்றன.